எம். டெலஹன்டி எடுத்த ரன்கள்

அயர்லாந்து கிரிக்கெட் அணிக்குத் தேர்வான நொண்டித் தையல்காரன் உலகத்தில் ஒருவன்தான் இருந்திருப்பான். அது நான். கிரிக்கெட் மட்டையை நான் கையால் தொட்டதில்லை, தொட ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றிலிருந்து எட்டு வரைக்கும் எங்கள் ஜில்லாப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். எம். டெலஹன்டி அறுபத்து நான்கு. எம். டெலஹன்டி எண்பத்தொன்று. கார்க் பட்டாளத்துக்கு எதிராக எம். டெலஹன்டி நூற்றுப் பன்னிரண்டு, கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. எம். என்றால் மாலக்கி. மாலக்கி என்றால் நான்.

அடித்தவன் என் தம்பி ஃபின்டன்.

ஃபின்டன் மேஜர் வார்ட்லாவின் பண்ணையில் ஏர் ஓட்டினான். ஒரு சனிக்கிழமை மேஜரின் அணியில் யாருக்கோ பொன்னுக்கு வீங்கி என்று ஆள் குறைந்தது. வயலிலிருந்து இவனைக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார்கள். இவன் அதை எங்கள் ஐரிஷ் ஆட்டமான ஹர்லிங்கின் மட்டையைப் பிடிப்பதுபோல இடது கையைக் கீழே வைத்துப் பிடித்தான். துரைமார்கள் சிரித்தார்கள். மூன்றாவது பந்து லாயத்துக் கூரை ஓட்டை உடைத்ததும் சிரிப்பு நின்றது. ஆட்டம் முடிந்து ரன் கணக்கு எழுதிய பெண் பெயர் கேட்டபோதுதான் இவனுக்கு நிலைமை உறைத்தது. ஃபின்டன் எங்கள் கில்ரோன் ஊர் ஹர்லிங் அணியின் தூண். இங்கிலீஷ்காரன் ஆட்டத்தை ஆடுகிறவனுக்கு ஹர்லிங் சங்கத்தில் இரண்டு வருஷம் தள்ளிவைப்பு. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும் அதே இரண்டு வருஷம்.

"எம். டெலஹன்டின்னு போடுங்கம்மா" என்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து இளித்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, உம் பேரை ஒரு மத்தியானத்துக்கு எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காதே."

"எம் பேரு உனக்கு எதுக்குடா?"

"நீதான் சங்கத்துல இல்லியே. உன்னை யாரு எங்கேருந்து தள்ளி வைக்க முடியும்?"

நியாயம்தான். ஒன்பது வயதில் மேஜரின் குதிரை உதைத்து என் இடது கால் வலதைவிட இரண்டு அங்குலம் குட்டையாகிப் போனது. என்னை எந்தச் சங்கம் சேர்த்துக்கொள்ளும்? நானும் அவனோடு சேர்ந்து சிரித்தேன். புத்தி கெட்ட சிரிப்பு.

அந்த ஒரு மத்தியானம் ஆறு வருஷம் ஓடியது. மேஜர் தன் பண்ணையாட்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முன்னால் என்ன எழுத்துப் போட்டால் அவருக்கு என்ன? பத்திரிகை போட்டுக்கொண்டே இருந்தது. ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட உண்மை தெரியும். ஆனால் பக்கத்து ஊர் டெரிமோருக்குத் தெரியக்கூடாது. கோப்பைக்கு எங்களோடு முட்டிமோதுகிறவர்கள் அவர்கள்தான். மைதானத்தில் தோற்றால் அதற்கப்புறம் ஆட்சேபம் எழுதிப் போட்டுக் கோப்பையைப் பிடுங்குவதில் கைதேர்ந்தவர்கள்.

இரண்டாவது வருஷம் டின்னி ராஃப்டர் என் கடைக்கு வந்தான். பப் நடத்துகிறவன், எங்கள் ஊர் ஹர்லிங் அணிக்குத் தலைவன். உட்காரவில்லை.

"டெரிமோர்காரனும் பேப்பர் படிக்கிறான், மாலக்கி. துரை அணிக்கு ஆடுறவன்கூட நாம கூடிக் குலாவிக்கிட்டிருந்தா அவன் என்ன நினைப்பான்?"

"நான் எங்கய்யா ஆடினேன்? அது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். கோவில் பூனைக்கும் தெரியும். டெரிமோர்காரன் நம்பணுமில்ல? மானமுள்ள ஊருன்னா துரை ஆட்டம் ஆடுறவனை ஒதுக்கி வைக்கும். அதனால உன்னை ஒதுக்கி வைக்கிற மாதிரி கொஞ்ச நாளைக்கு நடிச்சிடலாம். கோப்பை வர்ற வரைக்கும்தான்."

"அப்ப எந் தொழிலு?"

"கொல்லைப்பக்கமா வந்து துணி குடுத்துட்டுப் போறோம். என்ன பெரிய விஷயம்?"

எங்கள் ஜனங்களுக்கு ஊர்விலக்கு புதிதல்ல. நிலச் சண்டைக் காலத்தில், துரைமாருக்குக் குத்தகை வசூலித்த ஏஜெண்டுகளைக் கதறக் கதற ஒதுக்கி வைத்த கை அது. கை பழகியதை என்மேல் நன்றாகவே காட்டினார்கள். முதல் வருஷம் தெருவில் என்னைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு, தோளுக்கு மேலாகக் கண் சிமிட்டுவார்கள். அடுத்த வருஷம் முதுகு மட்டும் திரும்பியது, சிமிட்டலைக் காணோம். பூசைக்குப் போனால் நான் உட்கார்ந்த பெஞ்சு முழுக்க எனக்கே. கொல்லைப்பக்கம் வந்த துணியும் நின்றது. டவுன் தையல்காரனிடம் போய்ப் பழகிவிட்டதாம், அவன் தையல் நெருக்கமாக இருக்கிறதாம். விவரம் தெரியாத வயதில் என்னைத் திட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் வளர்ந்து, விவரம் தெரிந்தும் திட்டினார்கள். துரைக்கு வால் பிடிக்கிறவன் என்று கத்திக்கொண்டு அடுப்பெரிக்கும் கரிமண் கட்டியை எடுத்துக் கதவில் எறிவார்கள்.

அதெல்லாம்கூடப் போகட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில் எங்கள் அம்மா செத்தாள். அம்மாவைக் கிடத்தியிருந்த அறையில் நானும் ஃபின்டனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஊரே வரிசையில் வந்தது. ஒவ்வொருவராக ஃபின்டன் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார்கள். நீட்டியிருந்த என் கையைத் தாண்டிப் போனார்கள். டெரிமோரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள், பார்த்துவிடுவார்கள் என்று டின்னி வாசலில் நின்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தானாம். மூத்த மகன் நான். நீட்டிய கையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. என் தம்பி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அடுத்து வந்தவர் கையைப் பிடித்தான்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ கெட்டுப்போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு செப்டம்பரில் எங்கள் ஊர் இறுதி ஆட்டத்தில் டெரிமோரைத் தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது. ஃபின்டன் மட்டும் நான்கு கோல். திங்கட்கிழமையே டெரிமோர் ஆட்சேபம் கொடுத்தது: கில்ரோனின் ஃபின்டன் டெலஹன்டி கிரிக்கெட்காரன், ஆட்டம் செல்லாது. செவ்வாய்க்கிழமை டப்ளினிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கனமான உறை. மாதக் கடைசியில் ஸ்காட்லாந்து அணி வருகிறது, அயர்லாந்து அணியில் திரு. எம். டெலஹன்டி ஆட வேண்டும், பதில் சனிக்கிழமைக்குள் தபாலில் சேர வேண்டும்.

ஃபின்டன் அதை மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னான். கொஞ்சமும் கூச்சமில்லாமல் அழுதான்.

"அயர்லாந்துக்குண்ணே! ஏர் ஓட்டுறவனை இதுவரைக்கும் எடுத்ததே இல்லியாம். மேஜர் தன் கையால துணி குடுத்திருக்காரு பாரு. நீதான் தைக்கணும். துரைங்க நடுவுல கந்தலோட நிக்க முடியாதுல்ல?" வெள்ளைக் கம்பளித் துணியை மேஜைமேல் விரித்தான்.

பொய் சொல்ல மாட்டேன். அவன் ஆடி நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், மேஜர் வீட்டு மதிலின் இடுக்கு வழியாக. புல்லை ஒட்டி வந்த பந்தை, கதிர் அறுக்கிறவன் அரிவாளைத் தாழ்த்துகிற மாதிரி மட்டையைத் தாழ்த்தி ஒரு வெட்டு வெட்டினான். வேலிக்குப் போய்ச் சேரும்வரை பந்து தரையை விட்டு எழும்பவில்லை. அழகாகத்தான் இருந்தது. என் தம்பி என்று பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் பத்திரிகையில் என் பெயர்.

"நல்லா ஆடு. உம் பேர்ல ஆடு" என்றேன். "டப்ளினுக்கு எழுதலாம். ஆடினது மாலக்கி இல்லே, ஃபின்டன்னு எழுதலாம். எம் பேரை எனக்குத் திருப்பிக் குடுத்துடு."

"இப்பவா? வெள்ளிக்கிழமை விசாரணை வெச்சுக்கிட்டா? கோப்பை போயிடும்ண்ணே!"

"போனாப் போகட்டும்."

"ஊரு என்னைக் கொன்னுடும்."

"என்னைக் கொன்னு நாலு வருஷம் ஆச்சுடா."

கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தான். "வெள்ளிக்கிழமை மட்டும் எனக்காக ஒத்துக்கோ. ஆடினது நீதான்னு சொல்லிடு. டப்ளின் ஆட்டம் முடிஞ்ச மறுநாள், கோவில் வாசல்ல நின்னு ஊரறிய நானே உண்மையைச் சொல்றேன். அம்மா மேல சத்தியம்."

செத்த அம்மாமேல் செய்த சத்தியம். நம்பினேன்.

விசாரணை டவுன் ஓட்டல் மாடியில் நடந்தது. தலைவர் காஸ்டிகன் சாமியார். அவரைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஹர்லிங் சங்கத்துக்காரர்கள். டெரிமோர் தரப்பில் பேசியவன் அவர்கள் செயலாளர் பார்ட் கீஃப், பால்பண்ணை மேனேஜர், எட்டு வருஷம் டப்ளினில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஆறு வருஷப் பத்திரிகையைக் கத்தரித்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

"மாலக்கி டெலஹன்டி நீதானா?" என்றார் சாமியார்.

"நான்தான், சாமி."

"இதுல போட்டிருக்கிற எம். டெலஹன்டி?"

சுவரோரம் ஃபின்டன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "அதுவும் நான்தான், சாமி."

கீஃப் எழுந்தான். "இவரை அந்த ஜன்னல் வரைக்கும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க, சாமி."

நடந்தேன். டக், இழுப்பு. டக், இழுப்பு. டெரிமோர்காரர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், நான் பார்த்தேன்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு நூத்திப் பன்னெண்டு ரன் ஓடினாராம்!" என்றான் கீஃப்.

"ஓடினேன்னு யாரு சொன்னா? அடிச்சது நான். ஓடினது வேற ஆளு" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ, நாக்கில் தயாராக இருந்தது. "கிரிக்கெட்ல நொண்டிக்குப் பதிலா ஓட ஆள் வெச்சுக்கலாம். மேஜர் வீட்டுத் தோட்டக்காரன் ஓடினான். அவன் புராட்டஸ்டண்டு. நீங்க கூப்பிட்டா வரமாட்டான்."

"அப்படி ஒரு விதி இருக்கா?" சாமியார் சுற்றிப் பார்த்தார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரில் பாதிப்பேருக்குப் பதில் தெரியும் என்று இன்றைக்கும் பந்தயம் கட்டுவேன். ஆனால் தெரியும் என்று சொல்கிறவன், எங்கே பார்த்தாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே. ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

நுணலும் தன் வாயால் கெடும். கீஃபால் பொறுக்க முடியவில்லை.

"பச்சைப் பொய், சாமி! அன்னிக்கு ஆட்டத்துல அடிபட்டவனுக்குத்தான் பதில் ஆள் ஓடலாம்! பழைய நொண்டிக்கெல்லாம் கிடையாது! அப்படி ஓடுறதுக்கும் எதிர்க் கேப்டன் சம்மதிக்கணும்!"

சாமியார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மிஸ்டர் கீஃப், துரைங்க ஆட்டத்துல இவ்வளவு நுணுக்கம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கே... கேள்விப்பட்டது, சாமி."

"யார்கிட்ட? டப்ளின்லயா? டப்ளின்ல இருந்தப்பவும் நம்ம சங்கத்துல உறுப்பினரா இருந்தீங்க இல்லையா?"

கீஃபின் முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி ஆனது. ஆட்சேபம் தள்ளுபடி. கோப்பை கில்ரோனுக்கு. கீஃப்மேல் தனியாக ஒரு விசாரணை.

மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் ஃபின்டனைத் தோளில் தூக்கியிருந்தார்கள். கோப்பையில் கறுப்பு பீர் நுரைத்துக்கொண்டிருந்தது. ஊரைக் காப்பாற்றியவன் நான். வேதத்தின்மேல் பொய்ச் சத்தியம் செய்து ஆத்துமாவைப் பணயம் வைத்தவன் நான். டின்னி ராஃப்டரிடம் கையை நீட்டினேன்.

டின்னி தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். உதடு அசையாமல் பேசினான்.

"இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும், மாலக்கி. சாமியார் ஜன்னல்ல நிக்கிறாரு பாரு. சத்தியம் பண்ணிச் சொல்லிட்டே, இனிமே ஆயுசுக்கும் நீதான் கிரிக்கெட்காரன். வண்டியில உன்னை ஏத்திக்க முடியாது. மெதுவா நடந்து வந்து சேரு."

தோள்மேல் இருந்த ஃபின்டன் என்னைப் பார்த்தான். அம்மா கிடந்த அறையில் பார்த்த அதே பார்வை. பிறகு கோப்பையை வாங்கிக் குடித்தான்.

ஏழு மைல் நடந்தேன். வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருந்தன. தம்பி எனக்காகச் சமைத்திருக்கிறான் என்று ஒரு நொடி மனசு இளகியது.

"சாப்பிடுண்ணே. காலு வலிக்குதா?" என்றான். தட்டை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஒரு யோசனை. டப்ளின் முடிஞ்சப்புறம் ஊரறியச் சொல்றேன்னேனே... இப்ப எப்படிச் சொல்றது? நீ வேதத்தைத் தொட்டுட்டியே. நான் உண்மையைச் சொன்னா நீ பொய்ச்சத்தியக்காரனாயிடுவே. சாமியார் உன்னைக் கோவில்ல நற்கருணை வாங்கவே விடமாட்டாரு. உன் நல்லதுக்குத்தான் யோசிக்கிறேன்."

"என் நல்லதுக்கு" என்றேன்.

"ஆமாண்ணே. வேற எதுக்கு? அப்புறம், டப்ளினுக்குப் பதிலை எழுதிடு. நாளைக்குத் தபால் போகணும்."

என் கையெழுத்து நன்றாக இருக்கும். சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஐந்தே வரி. உறையை ஒட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் ஃபின்டன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்ன கால்கள் அவனுக்கு!

நான் எழுதியது இதுதான். அழைப்புக்கு நன்றி. எனக்கு ஆட விருப்பமில்லை. இனி எந்த ஆட்டத்திலும் ஆட மாட்டேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாராவது வந்தாலோ எழுதினாலோ நம்ப வேண்டாம். இப்படிக்கு, மாலக்கி டெலஹன்டி, தையல்காரன்.

அடுத்த பத்து நாளும் நான் வெள்ளைக் காற்சட்டையைத் தைத்தேன். அவன் சாயங்காலமெல்லாம் லாயத்துச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். டப்ளினுக்குக் கிளம்ப வேண்டிய வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. எம். டெலஹன்டி விலகிக்கொண்டதால் அவர் இடத்தில் டப்ளின் கனவான் ஒருவர் ஆடுவார் என்று போட்டிருந்தது. ஃபின்டன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான்.

"டேய், என்னடா எழுதித் தொலைச்சே?" எங்கள் ஆயுசிலேயே அவன் அண்ணே என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

"ஆட விருப்பமில்லைன்னு எழுதினேன். எனக்கு விருப்பமில்லைதானே?"

"ஆறு வருஷம்டா! ஒவ்வொரு ரன்னும் நான் அடிச்சது! எல்லாத்தையும் அழிச்சிட்டியேடா, பாவி!"

மேஜைக்கு அடியிலிருந்து பத்திரிகைக் கட்டை எடுத்து அவன் முன்னால் போட்டேன். "எங்க, காட்டு. ஒரே ஒரு ரன் உம் பேர்ல இருந்தாக் காட்டு. இந்தக் காலோட டப்ளினுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேக்கறேன்."

அவன் புரட்டினான். எதற்குப் புரட்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"தந்தி அடிக்கிறேன்" என்றான். "தப்பு நடந்துபோச்சு, வர்றேன்னு அடிக்கிறேன்."

"அடி. எம் பேர்ல வந்தா அவங்க நம்பமாட்டாங்க, எழுதியிருக்கேன். உம் பேரைப் போடு. ஆறு வருஷமா ஆடினது ஃபின்டன் டெலஹன்டின்னு போட்டு அடி. தபால் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறது டின்னியோட தங்கச்சி. தந்தி டப்ளின் போறதுக்கு முன்னாடி பப்புக்குப் போயிடும், அவ்வளவுதான்."

அவன் கதவுவரைக்கும் போனான். தாழ்ப்பாளில் கை வைத்தான். வெளியே பிள்ளைகள் ஹர்லிங் மட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். "நான்தான் ஃபின்டன்! நேத்து நீ ஆயிட்டே, இன்னிக்கு நான்தான் ஃபின்டன்!" என்று ஒருவனோடொருவன் சண்டை போட்டார்கள். அவன் கை தாழ்ப்பாள்மேலேயே இருந்தது. திறந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அவனோடு தபால் நிலையம்வரை நடந்திருப்பேன். சாமியார்முன் மண்டிபோட்டு என் பொய்யையும் ஒப்புக்கொண்டிருப்பேன். திறக்கிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்துவிட்டான்.

திரும்பி வந்து தையல் மேஜைமேல் மடித்து வைத்திருந்த காற்சட்டையைப் பார்த்தான். குரல் ரொம்பச் சின்னதாகியிருந்தது. "அதையாவது குடு. மேஜர் எனக்குக் குடுத்த துணி. பொட்டியில வெச்சுக்கறேன்."

எடுத்துக்கொள் என்றேன். இடுப்பில் வைத்து உதறி விரித்தான். வலது கால் அவன் காலணிமேல் சரியாக விழுந்தது. இடது கால் இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

"இது எனக்கில்லியே" என்றான்.

"இல்லை" என்றேன். "எம். டெலஹன்டிக்கு அளவெடுத்துத் தைச்சது."